கோஹா நூலக மென்பொருள்: டெல்டா கல்லூரிகளுக்குச் சரிப்படுமா?

நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) குழு வரப்போகிறது என்று சுற்றறிக்கை வந்ததும்தான் பல கல்லூரிகளுக்கு நூலக ஆட்டோமேஷன் நினைவுக்கு வருகிறது. 4.2.1 என்ற அளவுகோலில் மென்பொருளின் பெயர், பதிப்பு, முழு ஆட்டோமேஷனா பகுதியா, எந்த ஆண்டிலிருந்து என்று கேட்பார்கள். அந்தக் கட்டங்களை நிரப்ப மட்டும் என்றால் எந்த மென்பொருளும் போதும். மாணவர் தமிழில் தேடிப் புத்தகம் எடுக்க வேண்டும், ஸ்டாக் வெரிஃபிகேஷன் ஒழுங்காக முடிய வேண்டும், மென்பொருளைத் தந்தவர் கடையை மூடினாலும் தரவு நம்மிடம் இருக்க வேண்டும் என்றால் கோஹா பக்கம் பார்க்கலாம். எங்கள் தீர்ப்பு: பத்தாயிரம் நூலுக்கு மேல் உள்ள கல்லூரி நூலகம் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் தமிழ்த் தேடலைச் சோதித்துப் பார்க்காமல் எடுக்கக் கூடாது.

கோஹா நியூசிலாந்தில் ஹொரோஃபெனுவா நூலக அறக்கட்டளைக்காக 1999-இல் எழுதப்பட்டது. 2000 ஜனவரியில் அங்கே புழக்கத்துக்கு வந்தது. ஜிபிஎல் என்ற திறமூல உரிமம், ஆகவே லைசென்ஸ் கட்டணம் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழுள்ள இன்ஃப்ளிப்நெட் தரும் சோல் என்ற நூலக மென்பொருளுக்கு விலை உண்டு. மத்திய அரசின் என்ஐசி தரும் இ-கிரந்தாலயா அரசு நூலகங்களுக்குக் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. ஆனால் இரண்டுமே திறமூலம் அல்ல, உள்ளே கைவைக்க முடியாது. எவர்கிரீன் என்ற இன்னொரு திறமூல நூலக மென்பொருள் பல கிளைகள் கொண்ட பெரிய கூட்டமைப்புகளுக்காகப் பிறந்தது, ஒற்றைக் கல்லூரிக்கு அது அதிகம்.

நிறுவுதலில் பெரிய சிக்கல் கிடையாது, ஒழுங்கான வழியில் போனால். கோஹா சர்வர் விண்டோஸில் ஓடாது. டெபியன் அல்லது உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு வேண்டும். பணியாளர் மேசையில் விண்டோஸ் இருந்துவிட்டுப் போகட்டும், அங்கே பிரவுசர் ஒன்றே போதும். முப்பதாயிரம் நூல், இரண்டாயிரம் மாணவர் அளவுக்கு 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் உள்ள சாதாரண டெஸ்க்டாப் தாங்கும். சர்வர் என்ற பெயரில் லட்சக்கணக்கில் கொட்டேஷன் வந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.

கோஹா சமூகத்தின் சொந்தக் களஞ்சியத்தைச் சேர்த்து, மரியாடிபி என்ற தரவுத்தளத்தையும் கோஹா-காமன் பொதியையும் நிறுவி, அப்பாச்சி என்ற வெப் சர்வரில் ரீரைட், சிஜிஐ, ஹெடர்ஸ், பிராக்ஸி மாட்யூல்களை இயக்கி, கோஹா-கிரியேட் கட்டளையில் ஓர் இன்ஸ்டன்ஸ் (நூலகத்துக்கான தனி நிறுவல்) உருவாக்கினால் மீதியை வெப் இன்ஸ்டாலர் கேட்டுக்கொள்ளும். டொமைன் பெயர் இல்லாமல் ஐபி முகவரியில் ஓட்டும் கல்லூரிகளில் ஓபேக்குக்கு (மாணவர் நூல் தேடும் பக்கம்) 80, பணியாளர் பக்கத்துக்கு 8080 என்று பிரிப்பது வழக்கம். அந்த 8080-ஐ கோஹாவின் சைட்ஸ் கோப்பில் எழுதினால் மட்டும் போதாது, அப்பாச்சியின் போர்ட் கோப்பிலும் எழுத வேண்டும். ‘பேஜ் ஓப்பன் ஆகலை’ என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். அடுத்து கோஹாவின் நிரலை நினைவகத்தில் தயாராக வைத்திருக்கும் ‘பிளாக்’ (Plack) பகுதியை இயக்க வேண்டும். இயக்காவிட்டால் ஒவ்வொரு கிளிக்குக்கும் பெர்ல் நிரல் முழுவதும் புதிதாக ஏறி இறங்கும், மென்பொருளே மந்தம் என்ற கெட்ட பெயர் வந்துவிடும். நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்றும், தேதி வடிவத்தை நாள்-மாதம்-ஆண்டு என்றும், நடப்பு நாணயத்தை ரூபாய் என்றும் முதல் நாளிலேயே மாற்றிவிடுங்கள்.

யாரோ முன்பே தயாரித்து வைத்த டிவிடி இமேஜை அப்படியே ஏற்றிக்கொள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வேண்டாம். அதில் இருப்பது பழைய பதிப்பாக இருக்கும், கடவுச்சொல் ஊருக்கெல்லாம் தெரிந்ததாக இருக்கும். கோஹாவுக்கு மே மாதமும் நவம்பரும் புதிய வெளியீடு வருகிறது. பதிப்பு எண்ணே ஆண்டும் மாதமும்தான், 24.11 என்றால் 2024 நவம்பர். வெளிவந்த அன்றே தாவ வேண்டியதில்லை. சில திருத்தங்கள் வந்து நிலைத்தபின் ஏறுவது நல்லது.

எக்செல் என்னும் முதல் எதிரி

கோஹா கெட்டது என்று சொல்லும் இடங்களில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் தரவுதான் கெட்டிருக்கும். டேட்டா என்ட்ரிக்கு ஆள் வைத்து, ஒரு வரிக்கு இவ்வளவு என்று பேசி, ஆக்சஷன் ரிஜிஸ்டரை (நூல்கள் வந்த வரிசையில் எண் போட்ட பதிவேடு) எக்செலில் ஏற்றி வைத்திருப்பார்கள். அந்தக் கோப்பை அப்படியே உள்ளே தள்ளினால் என்னென்ன நடக்கும்?

ஐஎஸ்பிஎன் நெடுவரிசை 9.78E+12 என்று சுருங்கியிருக்கும். அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து மூடியபின் அந்த 13 இலக்கங்கள் திரும்ப வராது, புத்தகத்தை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். 00412 என்ற ஆக்சஷன் நம்பர் 412 ஆகியிருக்கும், முதுகில் ஒட்டிய லேபிளோ 00412 என்றே சொல்லும். விலைக் கட்டத்தில் ‘ரூ.125/-’ என்று இருக்கும், கோஹாவுக்கு 125.00 வேண்டும். தேதி 3.6.98, 03/06/1998, ஜூன் 98 என்று மூன்று விதமாக இருக்கும், கோஹாவுக்கு 1998-06-03 என்ற ஒரே வடிவம். தட்டச்சு தொடங்கும் முன்பே எல்லா நெடுவரிசைகளையும் ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டால் முதல் இரண்டும் வராது.

இதைவிடப் பெரிய வம்பு புக் பேங்க். பொது நூலகம் 1-இல் தொடங்கியிருக்கும். எஸ்சி, எஸ்டி புக் பேங்க் தனி ரிஜிஸ்டரில் இன்னொரு 1-இல் தொடங்கியிருக்கும். கணிதத் துறை நூலகம் மூன்றாவது 1. கோஹாவில் பார்கோடு ஒரு இன்ஸ்டன்ஸ் முழுவதற்கும் ஒரே ஒருமுறைதான் வரலாம். இறக்குமதியின்போது இரண்டாவதாக வரும் 1-ஐ ஏற்காமல், இத்தனை ஐட்டம் சேரவில்லை என்று அறிக்கையின் ஓரத்தில் ஓர் எண்ணை மட்டும் காட்டும். அதைக் கவனிக்காமல் விட்டால் புக் பேங்க் நூல்களுக்குத் தலைப்பு இருக்கும், பிரதி இருக்காது. ஆகவே புக் பேங்குக்கு ‘பிபி’, துறைக்குத் துறையின் இரண்டெழுத்து என்று முன்னொட்டு முடிவுசெய்து, லேபிள் அடிக்கும் முன்பே எண்ணைப் பூட்டிவிட வேண்டும்.

அடுத்தது பிரதிகள். ரிஜிஸ்டரில் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு வரி இருப்பதால் எக்செலிலும் அப்படியே இருக்கும். ஒரு பாடநூலுக்கு இருபது பிரதி இருந்தால் ஓபேக்கில் இருபது தனி நூலாக வந்து நிற்கும். நூல் விவரங்களை எழுதும் பொது வடிவமான மார்க் 21 முறையில் நூலின் விவரம் ஒரு பதிவு. அதற்குள் 952 புலம் பிரதிக்கு ஒன்றாகத் திரும்பத் திரும்ப வர வேண்டும். ஐஎஸ்பிஎன் இருக்கும் நூல்களை அதை வைத்தே சேர்க்கலாம். பழைய தமிழ் நூல்களில் ஐஎஸ்பிஎன் இருக்காது. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு நான்கும் ஒத்துப்போனால் ஒன்று என்று வரிசைப்படுத்திச் சேர்க்க வேண்டும். ஆண்டை விட்டுவிடாதீர்கள், திருத்திய பதிப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

சுத்தம் செய்த கோப்பை மார்க்எடிட் என்ற மென்பொருள் வழியாக மார்க் வடிவுக்கு மாற்றி, கோஹாவின் ஸ்டேஜ் கருவியில் ஏற்றி, பார்த்துவிட்டு உள்ளே அனுப்புவது நடைமுறை. எக்செலின் சாதாரண சிஎஸ்வி தமிழைக் கேள்விக்குறிகளாக்கிவிடும், யூடிஎஃப்-8 சிஎஸ்வி அல்லது யூனிகோடு டெக்ஸ்ட் என்று சேமிக்க வேண்டும். மார்க் பதிவின் தொடக்கப் பகுதியான லீடரில் 9-ஆம் இடத்தில் யூனிகோடைக் குறிக்கும் ‘ஏ’ என்ற எழுத்து இல்லாவிட்டால் தமிழ் முழுவதும் குப்பையாக வரும். நூலகக் குறியீடு, ஐட்டம் டைப், ஷெல்விங் லொகேஷன் எல்லாம் கோஹாவில் முன்பே உருவாக்கப்பட்டிருக்க வேண்டும், எழுத்து வேறுபாடு இல்லாமல் கோப்பிலும் அப்படியே இருக்க வேண்டும். முதலில் ஐம்பது பதிவை மட்டும் ஏற்றிப் பாருங்கள். சரியாக வந்தால் ஆயிரம் ஆயிரமாக ஏற்றலாம். முப்பதாயிரத்தையும் ஒரே மூச்சில் ஏற்றிவிட்டுப் பிழையைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடும் வேலை.

உறுப்பினர் பட்டியலில் ஒரே ஒரு பொறி. கோஹா ‘சர்நேம்’ கட்டாயம் என்று கேட்கும். நம் ஊரில் அப்படி ஒன்று இல்லாததால் அங்கே இனிஷியலைப் போட்டுவிடுகிறார்கள். பிறகு பட்டியல் முழுவதும் கே, எம், ஆர் என்ற எழுத்தில் வரிசையாகும், கவுன்டரில் மாணவர் பெயரைத் தேடுவது பாடாகிவிடும். பெயரை சர்நேம் கட்டத்திலும் இனிஷியலை ஃபர்ஸ்ட்நேம் கட்டத்திலும் போட்டால் ‘கார்த்திகா, எம்’ என்று ஒழுங்காக நிற்கும்.

தமிழ்த் தேடல்

கோஹாவில் தமிழைத் தட்டச்சு செய்வதிலோ காட்டுவதிலோ சிக்கல் இல்லை. தேடும்போதுதான் வரும். விற்பனைப் பிரதிநிதி செய்துகாட்டும்போது ஆங்கிலத் தலைப்பைத் தேடிக் காட்டிவிட்டுப் போய்விடுவார், ஆகவே இந்தப் பகுதியை நீங்களே உட்கார்ந்து சோதிக்க வேண்டும்.

முதலில் எழுத்துரு. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்கும் முன் தட்டச்சான பட்டியல்கள் வானவில், பாமினி, டேப், டேம் என்று ஏதாவது ஒன்றில் இருக்கும். மாற்றிகள் உண்டு, மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் ஒரே கட்டத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால் மாற்றி ஆங்கிலத்தையும் தமிழ் என்று எண்ணிப் புரட்டிவிடும். பதிப்பகத்தின் பெயரில் இது அதிகம் நடக்கும். எழுத்துரு வாரியாக வரிகளைப் பிரித்து, தமிழ்க் கட்டங்களை மட்டும் மாற்ற வேண்டும்.

மாற்றியபின்னும் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் தங்கும். மௌனி, மெளனி. முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் ஒற்றைக் கொம்பும் அதன்பின் ள என்ற தனி எழுத்தும். சில எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும், தேடல் எந்திரத்துக்கோ இவை வேறு வேறு சொற்கள். ‘ஔவையார்’, ‘ஒளவையார்’ கதையும் இதேதான். கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டிய ‘கொ’வை யூனிகோடு இயல்பாக்கம் சரிசெய்துவிடும். ள போட்டு ஒப்பேற்றிய ஔவை எந்த இயல்பாக்கமும் சரிசெய்யாது, ஏனென்றால் யூனிகோடின் கணக்கில் அவை சமானம் அல்ல. ‘ஸ்ரீ’யும் அப்படித்தான்: 2005-இல் ஶ என்ற எழுத்து யூனிகோடில் சேர்ந்தபின் ஸ-வில் தொடங்குவது, ஶ-வில் தொடங்குவது என்று இரு வழியிலும் எழுதப்படுகிறது. ஸ்ரீரங்கம் தொடங்கி நாகை வரை தலபுராணங்கள் குவிந்திருக்கும் நூலகத்தில் இது சின்ன விஷயம் அல்ல. இறக்குமதிக்கு முன் கோப்பில் ‘ஒள’, கொம்போடு வரும் ‘ள’ இரண்டையும் தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். மொத்தமாக மாற்றக் கூடாது. ‘வெள்ளம்’, ‘கெளுத்தி’, ‘ஒளி’ எல்லாம் சேதமாகிவிடும்.

அடுத்து ஜீப்ரா. கோஹாவோடு வரும் இந்த இண்டெக்ஸ் எந்திரம் இயல்பாக லத்தீன் எழுத்துகளை மனத்தில் வைத்த எழுத்து அட்டவணையோடு வருகிறது. தமிழுக்கு அதை ஐசியு (யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் நிரல் தொகுப்பு) முறைக்கு மாற்ற வேண்டும். ஜீப்ராவின் இயல்பு இண்டெக்ஸ் கோப்பில் எழுத்து அட்டவணை வரிகளை நீக்கி ஐசியு விதிக் கோப்புகளைச் சுட்டிவிட்டு, கோஹா-ரீபில்ட்-ஜீப்ரா கட்டளையை முழு இண்டெக்ஸ் என்ற தெரிவோடு ஓட்ட வேண்டும். இதோடு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அந்த விதிக் கோப்பில் எழுத்தின் மேல் நிற்கும் துணைக்குறிகளை நீக்கச் சொல்லும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய மொழிகளின் மேற்குறிகளுக்காக எழுதப்படும் வரி அது. யூனிகோடு வகைப்பாட்டில் தமிழின் புள்ளியும் ஈகாரக் குறியும் அதே இனத்தில் இருக்கின்றன, ஆகவே அந்த வரி இரண்டையும் தின்றுவிடும். ‘நீர்’ என்று தேடினால் ‘நர’ என்று இண்டெக்ஸில் போய்ப் பார்க்கும், ‘கல்’லும் ‘கல’வும் ஒன்றாகிவிடும். முடிவுகள் வருகின்றனவே என்று பார்ப்பவருக்கு ஐயமே எழாது. ஆனால் தொடர்பில்லாத நூல்களும் சேர்ந்து வரும். தமிழ் மட்டும் முக்கியம் என்றால் அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி இண்டெக்ஸ் செய்யுங்கள்.

ஜீப்ராவுக்குப் பதில் எலாஸ்டிக்சர்ச்சும் வைக்கலாம். ஐசியு பிளகின் அதற்குக் கட்டாயம். நினைவகம் நிறையக் கேட்கும், 8 ஜிபி இயந்திரத்தில் திணறும். ஒற்றைக் கல்லூரிக்கு ஜீப்ராவே போதும் என்பது எங்கள் கருத்து.

வேற்றுமை உருபுகளும் தேடலில் இடிக்கும். ‘தஞ்சாவூர்’ என்று தேடினால் ‘தஞ்சாவூரின் வரலாறு’ என்று தொடங்கும் தலைப்பு வராது. தானாகச் சொல்லை நீட்டித் தேடும் அமைப்பை இயக்கினாலும் வராது, ஏனென்றால் கடைசியில் நிற்கும் புள்ளி குறுக்கே நிற்கிறது. புள்ளியை எடுத்து ‘தஞ்சாவூர’ என்று போட்டு நட்சத்திரக் குறி சேர்த்தால் இரண்டும் வரும். ‘தமிழ்ப்’ என்று ஒற்று மிகுந்த தலைப்புகள் மட்டும் ‘தமிழ்’ என்ற தேடலை நீட்டினாலே கிடைத்துவிடும். இந்தப் புள்ளி உத்தியை ஓபேக்கின் முகப்பில் இரண்டு வரியில் எழுதி வையுங்கள்.

ஆசிரியர் பெயர்களுக்கு அத்தாரிட்டி பதிவு (ஒருவர் பெயருக்கு ஒரே வடிவத்தை நிலைநிறுத்தும் பதிவு) இல்லாமல் தொடங்கவே கூடாது. தி.ஜானகிராமன், தி. ஜானகிராமன், ஜானகிராமன் தி., தி.ஜா. என்று நான்கு விதமாக நான்கு பேர் தட்டியிருப்பார்கள். ஓபேக்கின் ஓரத்தில் நான்கு ஆசிரியர்கள் நிற்பார்கள். 100-ஆம் புலத்தில் ‘ஜானகிராமன், தி.’ என்ற ஒரே வடிவம், மற்றவை அத்தாரிட்டியில் ‘காண்க’ குறிப்புகள் என்று வைத்தால் தீரும். அமெரிக்க காங்கிரஸ் நூலகத்திலிருந்து இசட்39.50 என்ற நூலகப் பரிமாற்ற நெறிமுறை வழியாகப் பதிவுகளை இழுத்தால் தமிழ் நூல்களும் நிறையக் கிடைக்கும், ஆனால் ரோமன் எழுத்தில், மேலும் கீழும் குறிகளோடு. அதை நீக்க வேண்டாம். தமிழ்த் தலைப்பை 245-இல் எழுதி, ரோமன் வடிவத்தை 246-க்கு நகர்த்தினால் இரண்டு வழியிலும் தேடலாம்.

சோதனைக்கு ஒரு சொற்பட்டியல்: நீர், கல், மௌனி, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், கொள்ளிடம். இந்த ஆறில் ஒன்று தவறினாலும் ஒப்புக்கொள்ளும் கையெழுத்தைப் போடாதீர்கள்.

வகைப்பாட்டில் ஒரு வேடிக்கை. டூயி முறையில் தமிழ் இலக்கியம் 894.811, புதினம் 894.8113, தமிழ்ப் புதினங்கள் எல்லாம் ஒரே எண்ணில் குவிவதால் ஆசிரியர் குறி கவனமாக இருக்க வேண்டும். டூயி, காங்கிரஸ் நூலக முறை, யூடிசி மூன்றும் கோஹாவில் தயாராக வருகின்றன. சீர்காழியில் பிறந்த ரங்கநாதனின் கோலன் வகைப்பாடு அந்தப் பட்டியலில் இல்லை. கோலன் எண் போட்டு வைத்திருக்கும் பழைய நூலகங்கள் அதைத் தனி வகைப்பாட்டு மூலமாகத் தாங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும்; வரிசை முறைக்குப் பொதுவான விதியைத் தேர்ந்தால் போதும்.

கவுன்டர்

சர்குலேஷனில் கோஹா நன்றாகவே இருக்கிறது. உறுப்பினர் வகை, ஐட்டம் டைப் இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் எத்தனை நூல், எத்தனை நாள், ஒரு நாள் தாமதத்துக்கு எவ்வளவு, எத்தனை நாள் சலுகை என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. இளநிலைக்கு 3 நூல் 14 நாள், ஆராய்ச்சி மாணவருக்கு 10 நூல் 30 நாள் என்று எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம். ஃபைன் ஏறவில்லை என்ற புகாரில் இரண்டு இடம் பாருங்கள்: ஃபைன் கணக்கிடும் அமைப்பு அணைந்திருக்கும், அல்லது இரவு ஓட வேண்டிய கிரான் வேலை, சாயங்காலம் சர்வரை அணைத்துவிட்டுப் போனதால் ஓடியிருக்காது. இரண்டாவது காரணம் நம் கல்லூரிகளில் வெகு சகஜம்.

காலண்டரை நிரப்ப அரை நாள் ஒதுக்குங்கள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகியவற்றை ஆண்டுதோறும் திரும்பும் விடுமுறையாகப் போடலாம். தஞ்சையின் சதய விழா, திருவாரூர் ஆழித்தேர், நாகூர் கந்தூரி, மயிலாடுதுறைக் கடைமுகம் போன்ற உள்ளூர் விடுமுறைகள் திதி, நட்சத்திரம், பிறை, தமிழ் மாதம் பார்த்து நகர்வதால் ஆண்டுக்கு ஆண்டு தனியாகத்தான் போட வேண்டும். இரண்டாம் சனிக்கிழமைக்கென்று தனி வசதி இல்லை, பன்னிரண்டையும் கையால் அடிக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் விடிகாலையில் கலெக்டர் அறிவிக்கும் மழை விடுமுறைதான் உண்மையான சோதனை. காலண்டரில் அன்று விடுமுறை சேர்த்தால் ஃபைன் கணக்கில் அந்த நாள் விலகும், ஃபைன் காலண்டர் அமைப்பு ‘மூடிய நாள் நீங்கலாக’ என்று இருந்தால். ஏற்கெனவே கொடுத்த நூல்களின் கெடு தேதி தானாக நகராது. கருவிகள் பக்கத்தில் கெடு தேதியை மொத்தமாக நீட்டும் வசதி இருக்கிறது. அந்த வாரத்தில் கெடு முடியும் நூல்களை மட்டும் வடிகட்டி, நூலகம் திறக்கும் நாளுக்குத் தள்ளிவிடலாம்.

ஸ்டாக் வெரிஃபிகேஷனுக்காகவே கோஹாவைப் பாராட்டலாம். அலமாரி அலமாரியாக ஸ்கேனரால் பார்கோடுகளை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் வரிக்கு ஒன்றாக எடுத்து, இன்வென்டரி கருவியில் ஏற்றினால் வராதவை, இடம் மாறியவை, மாணவர் கையில் இருப்பதாகக் கணக்கில் இருந்தும் அலமாரியில் நிற்பவை என்று பிரித்துத் தரும். நெட்வொர்க் எட்டாத மாடிக்கும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனால் போதும்.

லேபிள் அடிப்பதில் கோஹா சறுக்குகிறது. உள்ளேயே லேபிள் கருவி உண்டு, ஆனால் அது உருவாக்கும் பிடிஎஃப்பில் தமிழ் எழுத்து சிதறும்: ‘கோ’வில் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம். உறுப்பினர் அட்டையிலும் இதே கதை. எண்ணும் பார்கோடும் மட்டும் கோஹாவில் அடிக்கலாம். தமிழில் நூலகப் பெயர் வேண்டுமென்றால் பட்டியலை ஏற்றுமதி செய்து லிப்ரெஆபிஸில் மெயில் மெர்ஜ் போடுங்கள். வெயிலுக்கும் ஈரத்துக்கும் நேரடி தெர்மல் லேபிள் வெளுத்துவிடும். ரிப்பன் போட்டு அடிக்கும் தெர்மல் டிரான்ஸ்ஃபர் லேபிள்தான் நிற்கும். ஒன்றை அட்டையின் உள்பக்கமும் ஒட்டுங்கள், வெளியே இருப்பது பூச்சிக்குப் போனாலும் எண் மிஞ்சும்.

கரண்ட், பேக்கப், கான்ட்ராக்ட்

சர்வரை நூலகத்திலேயே வைத்தால் இன்டர்நெட் போனாலும் கவுன்டர் ஓடும், கரண்ட் போனால்தான் நிற்கும். பொத்தென்று அணைந்தால் மரியாடிபி பெரும்பாலும் தானே தேறிவிடும், ஜீப்ராவின் இண்டெக்ஸ்தான் கெடும். நூலின் பக்கம் நேரடியாகத் திறக்கிறது, தேடினால் ஒன்றுமே வரவில்லை என்றால் அதுதான் அடையாளம். தரவு போய்விட்டது என்று பதற வேண்டாம், முழு இண்டெக்ஸை மறுபடி கட்டினால் வந்துவிடும். சர்வருக்கென்று தனி யுபிஎஸ் வைத்து, பேட்டரி தீரும் முன் தானாக முறையாக அணையும்படி அமைப்பது நல்லது.

கோஹா தினமும் தானே பேக்கப் எடுக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: எடுப்பது உண்மை. வைப்பது அதே ஹார்ட் டிஸ்கில். இயல்பாக இரண்டு நாள் பிரதிதான் தங்கும், பழையது அழிந்துவிடும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் வேதாரண்யம் தொடங்கிப் பட்டுக்கோட்டை வரை கூரை போன கட்டடங்களை நினைத்துப் பாருங்கள். சர்வரும் பேக்கப்பும் ஒரே அறையில் இருந்தால் ஒன்றாகவே நனையும். வாரம் ஒருமுறை டம்ப் கோப்பை (தரவுத்தளத்தின் முழு நகல்) வேறு கட்டடத்துக்கும், கல்லூரியின் மேகச் சேமிப்புக்கும் நகல் எடுங்கள். முப்பதாயிரம் நூல் கணக்கு சுருக்கிய நிலையில் பென்டிரைவில் அடங்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது வேறொரு கணினியில் கோஹா-ரிஸ்டோர் போட்டுத் திறந்து பாருங்கள்.

ஓபேக்கை மாணவர் வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் நிலையான பொது ஐபி தேவை. சாதாரண பிராட்பேண்டில் அது இருக்காது. அதற்கு வாடகை சர்வர்தான் சுலபம், ஆனால் அப்போது நூலகத்தின் கவுன்டர் இன்டர்நெட்டை நம்பி நிற்கும். பொதுவெளியில் வைத்தால் தேடுபொறிகளின் ரோபோக்கள் ஓபேக்கைச் சுரண்டி வேகத்தைக் குறைக்கும், தடுப்பு ஏற்பாடு முன்பே வேண்டும். கெடு நினைவூட்டலை மின்னஞ்சலில் அனுப்புவது எளிது. எஸ்எம்எஸ் என்றால் டிஎல்டி பதிவு (மொத்த எஸ்எம்எஸ் அனுப்பத் தொலைபேசி நிறுவனங்களிடம் செய்யும் பதிவு), அனுப்புநர் பெயர், வார்ப்புரு ஒப்புதல் என்று இழுக்கும், முதல் ஆண்டில் அதை விட்டுவிடலாம்.

யாருக்கு வேண்டாம்? மூவாயிரம் நூல் உள்ள ஊர்ப் படிப்பகத்துக்கும் சிறிய பள்ளிக்கும் கோஹா அதிகப்படி. லினக்ஸ் தெரிந்த ஆள் அருகில் இல்லாத இடத்தில் அது சுமைதான். இந்தோனேசியாவில் பிறந்த ஸ்லிம்ஸ் திறமூலம், பிஎச்பியில் எழுதப்பட்டது, விண்டோஸ் கணினியில் எக்ஸாம்ப் போட்டே ஓட்டிவிடலாம். நுணுக்கம் குறைவு, கொடுக்கல் வாங்கலுக்குப் போதும்.

வெளி நிறுவனத்திடம் நிறுவலையும் ஆண்டுப் பராமரிப்பையும் கொடுப்பதில் தவறில்லை. நிறுவல், தரவு மாற்றம், பயிற்சி, ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு) நான்குக்கும் தனித்தனி விலை வாங்குங்கள். ‘கோஹா விலை’ என்று ஒரு வரி இருந்தால் எதற்கு என்று கேளுங்கள். தரவு மாற்றத்தில் எழுத்துரு மாற்றமும் பிரதிகளைச் சேர்ப்பதும் அடங்குமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். சர்வரின் ரூட் கடவுச்சொல், மரியாடிபி கடவுச்சொல், கோஹாவின் சூப்பர்லைப்ரேரியன் கணக்கு மூன்றும் உறையிட்டு முதல்வர் அறையில் இருக்க வேண்டும். ஏஎம்சி புதுப்பிக்கவில்லை என்பதற்காகக் கல்லூரியின் சொந்தத் தரவையே தராமல் இழுத்தடிக்கும் ஆட்கள் இந்தத் தொழிலில் உண்டு. ஒவ்வொரு மாத முடிவிலும் முழு டம்ப் கோப்பை நூலகரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும், வாங்காவிட்டால் அந்த மாதப் பில் பாஸாகாது என்ற ஒரு ஷரத்தை ஒப்பந்தத்தில் சேருங்கள்.